பழைய செக்ஸ்டன்ட் வாங்கலாமா? நீரோடிக் கரையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நீரோடிக்கு அந்தப் பக்கம் பொழியூர், இந்தப் பக்கம் மார்த்தாண்டன்துறை. தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவராவது கடலில் இருப்பார்கள், ஒன்று போட்டில், இல்லையென்றால் கப்பலில். சரக்குக் கப்பலில் டெக் ஆபீசராக வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த பிறகு, என்னிடம் இருக்கும் செக்ஸ்டன்டைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம். பார்த்துவிட்டுப் போகும்போது எல்லாரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

செக்ஸ்டன்ட்னா என்ன மாமா? ஜி.பி.எஸ். மாதிரி இடத்தைக் காட்டுமா?

காட்டாது. அது கோணம் அளக்கிற கருவி. சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்று அளந்து கொடுக்கும். அந்தக் கோணம், அளந்த நேரம், நாட்டிகல் அல்மனாக் என்ற வருடாந்திர அட்டவணை இந்த மூன்றையும் வைத்து இடத்தைக் கணக்குப் போட வேண்டியது நாம்தான்.

இரண்டு கண்ணாடிகள்தான் அதன் உயிர். கருவியில் அசைகிற நீளமான சட்டத்தைக் கை என்போம், அதன் மேல் இருப்பது இண்டெக்ஸ் கண்ணாடி. தொலைநோக்கிக்கு எதிரே பாதி ரசம் பூசி நிற்பது ஹொரைசன் கண்ணாடி. கையை நகர்த்தினால் சூரியன் மெல்ல இறங்கி வந்து கடல்கோட்டின் மேல் உட்காரும். கை ஒரு பாகை நகர்ந்தால் பிம்பம் இரண்டு பாகை நகரும். அதனால் கையின் நுனி ஓடுகிற, 60 பாகை அகலமுள்ள வில்லில் 120 பாகை வரை குறித்திருப்பார்கள். வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு என்பதால்தான் அந்தப் பெயர். 1731-ல் ஜான் ஹாட்லி காட்டிய ஆக்டன்டில் இருந்து வளர்ந்தது இது. நம் பக்கத்து ஆட்களுக்கு யோசனை புதிதல்ல. கரையில் மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துப் பிடித்து, பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற கணிச்சமும், நட்சத்திர உயரம் பார்த்த ராப்பலகையும் இதே வழிதான்.

ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தில் ஒரு நிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு தப்பினால் கடலில் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தப்பும். கீழே வருகிற எல்லாப் பதிலும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

போன்லயே எல்லாம் வருதே, இந்தக் காலத்துல இதை எதுக்கு வாங்கணும்?

செயற்கைக்கோள் சிக்னலைக் கெடுக்க முடியும். பாரசீக வளைகுடாப் பக்கம் ஓடும் கப்பல்களில் இருக்கும் நம் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், கப்பல் கரைமேல் நிற்பதாகத் திரை காட்டிய அனுபவத்தைச் சொல்வார்கள். அமெரிக்கக் கடற்படை அகாடமி நிறுத்தி வைத்திருந்த விண்மீன் வழிகாட்டல் பாடத்தை 2015-ல் திரும்பக் கொண்டுவந்தது. கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி ஜி.பி.எஸ். இல்லாமல் செக்ஸ்டன்டும் காகித வரைபடமுமாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் ஓடி 2023-ல் இரண்டாவதாக வந்தார்.

அதற்காக எல்லாரும் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேரப்போகிற பிள்ளைக்கு முதல் வருஷமே சொந்தமாக ஒன்று தேவையில்லை. கல்லூரியிலும் பெரும்பாலான கப்பல்களின் பிரிட்ஜிலும் (கப்பலை ஓட்டும் அறை) ஒன்று இருக்கும். அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் வாய்மொழித் தேர்வில் செக்ஸ்டன்டைக் கையில் கொடுத்துப் பிழைகளைச் சரிசெய்யச் சொல்வார்கள். அதற்குத் தயாராகும்போது சொந்தமாக ஒன்று இருந்தால் பெரிய உதவி.

பழசு எங்க கிடைக்கும்? களியக்காவிளை சந்தையில கிடைக்குமா?

களியக்காவிளையில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆக்கர் (பழைய சாமான்) கடைகளில் எப்போதாவது வரும், பெரும்பாலும் தொலைநோக்கியோ பெட்டியோ இல்லாமல் வரும். நல்ல சரக்கு கிடைப்பது மூன்று இடங்களில்.

முதலாவது, ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரிகளின் வீடுகள். தூத்துக்குடி முதல் கொச்சி வரை இந்தக் கரையோரத்தில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அலமாரியின் மேல் ஒரு மரப்பெட்டி இருக்கும், பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. வாய்வழியாகச் சொல்லி வைத்தால் ஆறு மாதத்தில் ஒன்றாவது தகவல் வரும். ஒரே ஆள் கையில் இருந்த கருவி, வில்லின் பிழைகளை எழுதித் தந்த சர்டிபிகேட்டும் பெட்டியிலேயே இருக்கும். என்னுடையது அப்படி வந்ததுதான்.

இரண்டாவது, குஜராத்தின் அலங். உடைக்க வரும் கப்பல்களிலிருந்து கழற்றிய சாமான்களை விற்கும் கடைகள் அங்கே சாலையோரம் நெடுக இருக்கின்றன. அங்கிருந்து ஆன்லைனிலும் விற்கிறார்கள். உண்மையாகவே கடலில் ஓடிய கருவிகள் அவை. ஆனால் எப்படிக் கையாண்டார்கள் என்பது தெரியாது. மூன்றாவது, வெளிநாட்டு ஏலத் தளங்கள். அங்கே தேர்வு அதிகம், ஆனால் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்தால் மலிவு மலிவாக இருக்காது. சுற்றுலாத் தலத்துப் பழம்பொருள் கடைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. காரணம் அடுத்த பதிலில்.

சாரே, பித்தளையில பளபளன்னு ஒண்ணு கிடைச்சுது. 'கெல்வின் அண்ட் ஹ்யூஸ், லண்டன், 1917'னு எழுதியிருக்கு. நல்லதா?

பொழியூர்ப் பையன் ஒருவன் இதைத்தான் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். கரைக் கல்சுவரில் உட்கார்ந்து பார்த்தோம். கையை வில்லின் பூஜ்யத்தில் வைத்தேன். கையின் நுனியில் இருக்கும் சிறு துணை அளவுகோல்தான் வெர்னியர். நல்ல வெர்னியர் அளவில் பூஜ்யக் கோடும் கடைசிக் கோடும் வில்லின் கோடுகளோடு ஒரே சமயத்தில் பொருந்த வேண்டும். இதில் முதல் கோடு பொருந்தினால் கடைசிக் கோடு நடுவில் தொங்கியது. கோடுகள் செதுக்கியவை அல்ல, அச்சில் அடித்தவை, விளிம்பு தடித்து எழும்பியிருந்தது. கையை விரலால் தட்டினால் பக்கவாட்டில் ஆடியது. கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடியில் வெட்டிய துண்டு.

அந்தப் பெயரே பொய்யைக் காட்டிக் கொடுக்கிறது. கெல்வின் என்ற பெயருள்ள நிறுவனமும் ஹென்றி ஹ்யூஸ் நிறுவனமும் ஒன்றாகச் சேர்ந்து கெல்வின் அண்ட் ஹ்யூஸ் ஆனது 1947-ல். 1917-ல் அப்படி ஒரு பெயர் கிடையாது. 'ஸ்டான்லி லண்டன்' என்று பொறித்து வருவதிலும் பெரும்பகுதி இதே ரகம். இவை ரூர்க்கி, மொராதாபாத் போன்ற ஊர்களில் பித்தளைக் கைவினைப் பொருளாகச் செய்யப்படுகின்றன. அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை, கைவேலை நன்றாகத்தான் இருக்கும். கடலில் வழி பார்க்கலாம் என்று விற்றால் அது ஏமாற்று. பையனிடம் மேசைமேல் வைக்கச் சொன்னேன். அவன் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அப்போ எந்தக் கம்பெனி பார்த்து வாங்கணும்?

கப்பல்காரர்கள் நம்புகிற பெயர்கள்: ஜப்பானின் தமாயா, ஜெர்மனியின் ஸி. பிளாத், காசன்ஸ் அண்ட் பிளாத், கிழக்கு ஜெர்மனியில் செய்த ஃபிரைபெர்கர், சோவியத் நாட்டின் எஸ்.என்.ஓ.-டி, சீனாவின் அஸ்ட்ரா மூன்று-பி. பிரிட்டிஷ் கருவிகளில் ஹீத் நிறுவனத்தின் ஹெஸ்ஸனித், ஹென்றி ஹ்யூஸின் ஹுசுன். இவற்றில் எதுவும் பளபளக்காது. கறுப்பு அல்லது சாம்பல் பெயின்ட் அடித்து, உரசிய இடத்தில் உலோகம் தெரிய, பார்க்கச் சாதாரணமாக இருக்கும்.

பணத்துக்கு ஏற்ற மதிப்பு என்று கேட்டால் ஃபிரைபெர்கரையும் எஸ்.என்.ஓ.-டியையும் சொல்வேன். தமாயா, பிளாத் என்ற பெயருக்கே தனி விலை வைத்துவிடுகிறார்கள், இந்த இரண்டுக்கும் அது குறைவு. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மைக்ரோமீட்டர் டிரம், அதாவது திருப்பி நிமிடங்களைப் படிக்கிற சிறு உருளை உள்ளதையே வாங்குங்கள். வெர்னியர் ரகம் அழகானது, பழையது. ஆனால் அந்தி வெளிச்சத்தில், ஆடும் தட்டில் நின்று, பூதக்கண்ணாடி வைத்துக் கோடு பொருத்திப் படிப்பது புதிதாகக் கற்கிறவருக்குச் சித்திரவதை.

பிளாஸ்டிக்ல வருதே, அது போதாதா?

பழகுவதற்குப் போதும். டேவிஸ் நிறுவனத்தின் மார்க் 15, மார்க் 25 நல்ல பயிற்சிக் கருவிகள். சிக்கல் வெயில்தான். நம் ஊர் மதிய வெயிலில் பத்து நிமிடம் பிடித்தால் சட்டம் சூடாகி இண்டெக்ஸ் எரர், அதாவது பூஜ்யம் பூஜ்யத்தில் இல்லாத பிழை, மாறிவிடும். ஒவ்வொரு முறை அளக்கும் முன்பும் பின்பும் அதைச் சரிபார்க்க வேண்டும். பொறுமை இருந்தால் இரண்டு மூன்று மைலுக்குள் இடம் கிடைக்கும். பழசாக வாங்கினால் சட்டத்தில் விரிசலும் வளைவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நியாயமான விலைன்னா எவ்வளவு?

நான் பார்த்த வரையில் அலங்காரப் பித்தளை 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதையே 'பழமையானது' என்று 25,000 கேட்கிறவர்களும் உண்டு. வேலை செய்கிற உலோகச் செக்ஸ்டன்ட், பெட்டியோடும் தொலைநோக்கியோடும், உள்நாட்டில் 30,000-லிருந்து 80,000 வரை கை மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சர்டிபிகேட் இருந்தால் மேல் விலை, கண்ணாடி கெட்டிருந்தால் கீழ் விலை. 10,000-க்குத் தமாயா என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படும் முன் அடுத்த பதிலில் உள்ள சோதனைகளைச் செய்யுங்கள்.

கையில வாங்கிப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்? எனக்கு ஒண்ணும் தெரியாது.

முதலில் சட்டத்தை நெற்றிக்கு நேரே பிடித்து, கை வில்லுக்கு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். கையை வில்லில் பிடித்து நிறுத்தும் கிளாம்பை அழுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையை மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது இறுகினாலோ தளர்ந்தாலோ விழுந்து வளைந்த கருவி. வில்லின் அடிப்பக்கப் பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பல் நசுங்கியிருந்தாலும் அந்த இடத்தில் எப்போதும் தப்பாகவே காட்டும், அதற்கு மருந்து கிடையாது.

அடுத்தது டிரம். தூரத்து மின்கம்ப உச்சியையோ கடல்கோட்டையோ பார்த்து, டிரம்மை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்து இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்குங்கள், அளவைக் குறியுங்கள். பிறகு இடப்பக்கமாகத் திருப்பி வந்து அதையே செய்யுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை நிமிடத்தைத் தாண்டினால் திருகு தேய்ந்திருக்கிறது அல்லது பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. பல நேரம் அழுக்குதான் காரணம். பழைய டூத் பிரஷ்ஷால் பற்களைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் திரும்பப் பார்த்தால் தெரிந்துவிடும். விற்கிறவர் அனுமதித்தால் அங்கேயே செய்யலாம், விலை பேசவும் அது உதவும்.

பிறகு நிறக் கண்ணாடிகள். இரண்டு கண்ணாடிக்கு முன்னும் ஷேடு வரிசை இருக்க வேண்டும். ஒன்று உடைந்திருந்தாலும் அதோடு சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். தொலைநோக்கிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை பிடித்திருந்தால் பரவாயில்லை, பைனாகுலர் ரிப்பேர் செய்பவர் சுத்தம் செய்வார். பெட்டிக்குள் லைட்டுக்கான பேட்டரி ஒழுகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்ணாடி ஓரமெல்லாம் கறுத்துக் கிடக்கு. விட்டுடவா?

விடாதீர்கள், விலையைக் குறையுங்கள். உப்புக் காற்றில் ரசம் ஓரத்திலிருந்துதான் உரியும். நடுப்பகுதி தெளிவாக இருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். மாற்றவும் முடியும். ஆனால் உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் வெட்டி ஒட்டினால் வேலைக்கு ஆகாது. முன்பக்கமும் பின்பக்கமும் துல்லியமாக இணையாக இல்லாத கண்ணாடி பிம்பத்தை இழுத்துவிடும். அந்தந்த மாடலுக்கான கண்ணாடியையே வரவழைக்க வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

'இண்டெக்ஸ் எரர் இருக்கு'ன்னு விக்கிறவரே சொல்றார். அப்போ கெட்டுப்போனதுதானே?

கெட்டுப்போனதல்ல, நேர்மையான விற்பனையாளர் என்று அர்த்தம். பிழைகளில் திருத்தக்கூடியவை மூன்று. முதலாவது, இண்டெக்ஸ் கண்ணாடி செங்குத்தாக நிற்காதது. கையை வில்லின் நடுவில் வைத்து, கருவியைப் படுக்கையாகப் பிடித்து, கண்ணாடிக்குள் சாய்வாகப் பாருங்கள். உள்ளே தெரியும் வில்லும் வெளியே தெரியும் வில்லும் ஒரே கோடாக ஓட வேண்டும். படி விழுந்தால் கண்ணாடியின் பின்னுள்ள திருகில் திருத்தலாம். இரண்டாவது சைடு எரர். அளவைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால் இரட்டையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூன்றாவதுதான் இண்டெக்ஸ் எரர், பூஜ்யம் பூஜ்யத்தில் இல்லாதது. திருத்தும்போது இதே வரிசையில் போங்கள். மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் திருகைத் தொடாமல் கணக்கில் கழித்துக்கொள்வதுதான் கப்பலில் வழக்கம்.

அளவைக் கண்டுபிடிக்கச் சூரியனே போதும். ஷேடுகளைப் போட்டுக்கொண்டு நேர்ச்சூரியனும் பிம்பச்சூரியனும் விளிம்போடு விளிம்பு தொடும்படி ஒருமுறை வில்லின் மேலும், ஒருமுறை பூஜ்யத்துக்கு வெளியேயும் அளங்கள். 33.4 நிமிடமும் 31.0 நிமிடமும் வந்தால் வித்தியாசத்தில் பாதி 1.2, அதுதான் எரர். பெரியது வில்லின் மேல் என்பதால் 'ஆன் த ஆர்க்'. இரண்டையும் கூட்டி நாலால் வகுத்தால் 16.1 வரும். அன்றைய அல்மனாக்கில் சூரிய அரைவிட்டம் அதே எண்ணாக இருந்தால் நீங்கள் அளந்தது சரி.

ஆன்லைன்ல படம் மட்டும்தான் இருக்கு. நம்பி வாங்கலாமா?

கேட்டால் படம் அனுப்புவார்கள். 0, 60, 120 பாகைகளில் கையை வைத்து வில்லை நெருக்கமாக எடுத்த மூன்று படம், இரண்டு கண்ணாடியும், பற்கள், வரிசை எண், பெட்டி மூடியின் உள்பக்கம். மூடிக்குள்தான் சர்டிபிகேட் ஒட்டியிருக்கும். அதில் உள்ள எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இந்தப் படங்களைத் தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

பார்சலைப் பற்றியும் முன்பே பேசுங்கள். நான் ஒருமுறை நல்ல ஃபிரைபெர்கர் ஒன்றை வாங்கினேன். விற்றவர் அதை மரப்பெட்டிக்குள் வைத்து மேலே ஒரு அட்டையைச் சுற்றி அனுப்பிவிட்டார். உள்ளே பிடிப்பான் கழன்று, கருவி வழியெல்லாம் பெட்டியில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. திறந்தபோது கையின் நுனி வில்லை விட்டு ஒரு நகக்கீற்று அளவு எழும்பி நின்றது. பார்க்கச் சின்னதுதான், ஆனால் எந்த மெக்கானிக்காலும் நேராக்க முடியவில்லை. கருவியைச் சுற்றித் துணி திணித்து, பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, நடுவில் நான்கு விரல் அளவு பஞ்சோ தெர்மாகோலோ நிரப்பச் சொல்லுங்கள். எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

சர்டிபிகேட் இல்லைன்னா வில் சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

சர்டிபிகேட் என்பது வில்லில் ஒவ்வொரு பதினைந்து பாகைக்கும் எத்தனை கோண நொடி (நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) தப்பு என்று தயாரிப்பாளரோ, பழைய பிரிட்டிஷ் கருவியானால் கியூ ஆய்வகமோ தேசிய இயற்பியல் ஆய்வகமோ எழுதித் தந்த அட்டவணை. அந்தத் தப்பைத் திருகால் திருத்த முடியாது. சர்டிபிகேட் இல்லையென்றால் வானத்தைக் கேட்கலாம், இரண்டு நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள தூரம் மாறுவதில்லை.

நம் ஊருக்குத் தோதான ஜோடி திருவாதிரையும் ரோகிணியும். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் இரண்டும் நம் தலைக்கு மேல் உச்சியை ஒட்டிப் போகும். அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 21 பாகை 23 நிமிடம். செக்ஸ்டன்டைச் சாய்த்துப் பிடித்து ஒன்றை இன்னொன்றின் மேல் கொண்டுவந்து பொருத்துங்கள், இண்டெக்ஸ் எரரைக் கழியுங்கள். உச்சியில் காற்றுமண்டல ஒளிவிலகல் மிகக் குறைவு, இந்தத் தூரத்தை அரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் சுருக்கும். ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுத்தால், வந்த எண் இதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். தாழ்ந்து நிற்கும் ஜோடிகளில் இதைச் செய்யாதீர்கள், ஒளிவிலகல் கணக்கைக் குழப்பிவிடும். வில்லின் வேறு பகுதியையும் சோதிக்க சிரியஸ், புரோசியான் ஜோடி இருக்கிறது, ஏறத்தாழ 25.7 பாகை.

வாங்கியாச்சு. பச்சையாக் களிம்பு பிடிச்சிருக்கு, புளி போட்டுத் தேய்ச்சிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக்கூடாது. வில்லில் கோடுகள் முடியைவிட மெல்லியவை, பழைய கருவிகளில் மெல்லிய வெள்ளிப் பட்டையில் செதுக்கியிருப்பார்கள். புளியும் பித்தளை பாலிஷும் அந்தக் கோட்டின் விளிம்பைத் தின்றுவிடும். ஒரு வீட்டில் 40 பாகை முதல் 70 பாகை வரை கோடே இல்லாமல் வெறும் பளபளப்பாக இருந்த ஒரு வில்லைப் பார்த்தேன். தாத்தாவின் நினைவாக ஒவ்வொரு பண்டிகைக்கும் பாசமாகத் தேய்த்திருக்கிறார்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உப்பைத் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றினால் போதும். பெட்டியைக் கடல்பக்க ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள்.

ஏரோபிளேன் செக்ஸ்டன்ட் ஒண்ணு பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

அதில் தொடுவானத்துக்குப் பதிலாக உள்ளே நீர்மட்டக் குமிழி இருக்கும். கரையில், கடல் தெரியாத ஊரில் பழக நல்லது. போட்டில் குமிழி ஒரு நொடி நிற்காது. சவுண்டிங் செக்ஸ்டன்ட் என்று இன்னொரு மலிவு ரகமும் வரும், அது கடலாழ அளவைக்காகப் படுக்கைக் கோணம் எடுப்பது. ஷேடு இல்லாமலே வரும் என்பதால் சூரியனுக்கு ஆகவே ஆகாது.

நூறு வருஷத்துக்கு மேல பழசுன்னா சட்டப் பிரச்சினை வருமா?

1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, அதை வியாபாரமாகச் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் பரிசாக அனுப்ப நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். வழி பார்க்க வாங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. 1950-க்குப் பிந்திய டிரம் கருவிதான் உங்களுக்கு வேண்டும்.

ஒரு அம்மா வீட்டுல பெரியவரோட செக்ஸ்டன்ட் இருக்கு. 'ஆக்கர்காரன் எழுநூறு ரூவா சொன்னான், நீ ஆயிரம் குடு'ங்கிறாங்க. வாங்கிடலாமா அண்ணே?

வாங்குங்கள், ஆனால் ஆயிரத்துக்கு அல்ல. அது என்ன, சந்தையில் என்ன விலை போகும் என்பதை முதலில் அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள். அப்புறம் விலை பேசுங்கள். சோதனை செய்து, கண்ணாடிச் செலவைக் கழித்து, நியாயமாக ஒரு எண் சொன்னால் அவர்கள் பெரும்பாலும் அதற்குள் தந்துவிடுவார்கள். வெளியில் விற்பதைவிடக் கடலைத் தெரிந்த பிள்ளையிடம் போகட்டும் என்றுதான் நினைப்பார்கள். மேலே சொன்ன என் கருவியை அப்படித்தான் வாங்கினேன். பெட்டியின் அடியில் அந்தப் பெரியவர் பென்சிலில் இண்டெக்ஸ் எரரைத் தேதி வாரியாக எழுதி வைத்த ஒரு துண்டுத் தாளும் கிடைத்தது. பதினோரு வருடக் குறிப்பு. எந்தச் சர்டிபிகேட்டும் அவ்வளவு சொல்லாது.

போட்டுல இதை வச்சிருந்தா, ஒக்கி மாதிரி ஒண்ணு வந்தா உதவுமா?

உதவாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்த பிறகு இந்தக் கரையில் இந்தக் கேள்வியை யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை, நானும் மழுப்ப மாட்டேன். புயலில் சூரியனும் தெரியாது, தொடுவானமும் தெரியாது. ஆழ்கடலுக்குப் போகிற போட்டுக்கு முதலில் வேண்டியது கரையோடு தகவல் பரிமாறும் டிரான்ஸ்பாண்டர், சாட்டிலைட் போன், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், எச்சரிக்கை வந்ததும் திரும்பும் முடிவு. அதையெல்லாம் வாங்கிய பிறகு கையில் காசு இருந்தால் செக்ஸ்டன்டைப் பற்றிப் பேசுவோம்.

நீங்க சொன்ன எல்லாம் பார்த்து வாங்கினேன். மதியம் சூரியனை அளந்தா என் வீடு 4 மைல் தள்ளிக் காட்டுது. ஏமாந்துட்டேனா?

எந்த மாதம் அளந்தீர்கள் என்பது முதல் கேள்வி. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு மதியச் சூரியன் வடக்கே, கரைமேல் நிற்கும், அந்தப் பக்கம் கடல்கோடு கிடையாது. அந்த எல்லைத் தேதிகளை ஒட்டி அது நேர் உச்சிக்கு வந்துவிடும், எந்தப் பக்கம் இறக்குவது என்றே தெரியாது. சோதனைக்கு ஏற்றது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சூரியன் தெற்கே கடல்மேல் தெளிவாக நிற்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்ட பையன் அளந்தது டிசம்பர் 21. கல்சுவரில் நின்று, கண் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில். 12.20 மணி வாக்கில் சூரியனின் கீழ்விளிம்பு உச்சத்தில் 58 பாகை 6.7 நிமிடம். இண்டெக்ஸ் எரர் 2 நிமிடம், ஆன் த ஆர்க். தாளை வாங்கிப் பார்த்தேன், அந்த 2 நிமிடத்தை அவன் கூட்டியிருந்தான். ஆன் த ஆர்க் என்றால் கழிக்க வேண்டும். கழித்தால் 58 பாகை 4.7. கண் உயரத்துக்கு 3.5 கழித்தால் 58 பாகை 1.2. ஒளிவிலகலும் அரைவிட்டமும் சேர்த்து 15.8 கூட்டினால் 58 பாகை 17. அதை 90-லிருந்து கழித்தால் 31 பாகை 43. அன்றைய சூரியனின் தெற்கு டெக்ளினேஷன் (நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எத்தனை பாகை என்பது) 23 பாகை 26-ஐக் கழித்தால் 8 பாகை 17 நிமிடம் வடக்கு. போனைத் திறந்து பார்த்தான். நாங்கள் நின்ற இடத்துக்கு அதுவும் 8 பாகை 17 என்றே காட்டியது.

கழிக்க வேண்டிய 2-ஐக் கூட்டியதால் 4 மைல் போயிருந்தது. கருவி சரியானதுதான்.